ஐந்து கிலோ அரிசியும் ஒரு காகிதப் பாலமும்

அக்கா பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு வியாழக்கிழமை இரவு இப்படிச் செய்தி வந்தது. காகிதத்தால் ஒரு ட்ரஸ் பாலம் செய்ய வேண்டும். இரண்டு மேசைகளுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளியை அது தாண்ட வேண்டும். காகிதமும் பசையும் தவிர வேறெதுவும் கூடாது. ஐந்து கிலோ தாங்க வேண்டும். திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அக்காவுக்கும் மாமாவுக்கும் அந்த வார இறுதியில் வெளியூரில் கல்யாணம். ஆக, பெண்ணும் பாலமும் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடை. காகிதம் என்று வாயெடுத்ததுமே கடைக்காரர், "ப்ராஜெக்டா? எந்த கிளாஸ்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் ரெடிமேட் பாலம் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். ஐஸ்குச்சியும் தெர்மாகோலும். கீழே நீலத் தாளில் ஆறு. ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் மரம்.

"அங்கிள், இது அஞ்சு கிலோ தாங்குமா?"

"தாங்கறதுக்கா பாப்பா இது? டிஸ்ப்ளேக்கு."

பத்து ஃபைல் அட்டையும் ஒரு ஃபெவிகால் டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த மூன்று நாளில் படித்தது, கேட்டது, அதற்கப்புறம் விடாமல் தேடியது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் பொறியாளர் இல்லை. ஆனால் ஒரு காகிதப் பாலம் எந்தெந்த வழியில் உடையும் என்று பார்க்கப் போனால், கடந்த இருநூறு வருஷத்துப் பாலங்களின் வரலாறு கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடுகிறது.

ஃபைல் அட்டை என்பது அந்தப் பள்ளியின் யோசனை இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ரெஸ்லர் 2001இல் பள்ளி மாணவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். சாதாரண அலுவலக ஃபைல் அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, ஐந்து கிலோ தாங்கும் ட்ரஸ் பாலம் செய்வது எப்படி என்பதுதான் விஷயம். ஆனால் அவர் பாலத்தோடு நிறுத்துவதில்லை. அட்டைத் துண்டுகளையும் சோதிக்கச் சொல்கிறார். எவ்வளவு இழுத்தால் கிழியும், எவ்வளவு அமுக்கினால் மடங்கும் என்று அளந்து, கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மூர் வகுப்பறைகளுக்கு இது வந்துசேரும் வழியில் பாலம் மட்டும் வந்திருக்கிறது, சோதனை வழியிலேயே இறங்கிவிட்டது.

ட்ரஸ்ஸுக்குத் தமிழ்ச்சொல் தேடுவதைவிட மந்தைவெளிப் பக்கம் ஏதாவது வெல்டிங் பட்டறையில் கேட்டுவிடலாம். அங்கே அது ட்ரஸ்தான். கார் ஷெட்டுக்கும் மொட்டைமாடிக் கூரைக்கும் "ட்ரஸ் அடிச்சு ஷீட் போட்டுடலாம் சார்" என்பார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் தெரிவதும் அந்தக் குடும்பம்தான். நீளமான ஒரு உத்தரத்தை எடுத்து, வேலை செய்யாத பகுதியை எல்லாம் வெட்டி வீசிவிட்டு, மிச்சத்தை முக்கோணங்களாக நிறுத்தினால் ட்ரஸ்.

ஏன் முக்கோணம்? நான்கு அட்டைப் பட்டைகளை மூலைகளில் குண்டூசி குத்திச் சதுரமாக்கினோம். தொட்டால் சாய்ந்து சப்பையாகிறது. குறுக்கே ஒரு பட்டை குத்தியதும் அசையவில்லை. மூன்று பக்க நீளத்தை முடிவு செய்துவிட்டால் முக்கோணத்துக்கு ஒரே வடிவம்தான், வேறு வழி அதற்குக் கிடையாது. சதுரத்துக்கு அப்படி இல்லை.

இது தச்சர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். இத்தாலியின் பல்லாடியோ 1570இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் மரத்தால் ஆன ட்ரஸ் பாலங்களை வரைந்திருக்கிறார். ஆனால் எந்தக் கட்டை எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பது கண் மதிப்பாகவும் கை அனுபவமாகவும்தான் இருந்தது. மாட்டுவண்டி போகும்வரை அது போதும். ரயில் வந்த பிறகு போதவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் ஹவ் 1840இல் ஒரு ட்ரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். சாய்வாக நிற்கும் உறுப்புகள் மரம், அவை அமுக்கப்படும். நெட்டாக நிற்பவை இரும்புக் கம்பி, அவை இழுக்கப்படும். நான்கு வருஷம் கழித்து, 1844இல், கேலப் பிராட், தாமஸ் பிராட் என்ற அப்பாவும் பிள்ளையும் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள். சாய்ந்தவை இழுபடும், நெட்டாக நிற்பவை அமுங்கும். படத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, சாய்வுக் கோடுகள் வேறு பக்கம் பார்க்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் எவ்வளவு இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கெல்லாம் கணக்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்குவயர் விப்பிள். நில அளவைக் கருவிகள் செய்து விற்ற மனிதர். 1847இல் பாலம் கட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதித் தானே அச்சிட்டு வெளியிட்டார். அவர் வழிமுறை எளிமையானது. பாலம் அசையாமல் நிற்கிறது என்றால் அதன் ஒவ்வொரு மூட்டும் அசையாமல் நிற்கிறது. அசையாத மூட்டில் வந்து சேரும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டியாக வேண்டும. ஒரு முனையில் ஆரம்பித்து மூட்டு மூட்டாக நடந்துபோனால் எல்லா உறுப்புகளின் விசையும் கிடைத்துவிடும். இன்று இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் இதைத்தான் போடுகிறார்கள். பின்னால் மேக்ஸ்வெல்லும் ஜெர்மன்காரரான குல்மனும் 1860களில் இதையே கோடு வரைந்து கண்டுபிடிக்கும் முறையாக மாற்றினார்கள். விசையின் அளவுக்குத் தக்க நீளத்தில் கோடு வரைந்து, ஸ்கேலை வைத்து அளந்தால் விடை வந்துவிடும். பாலங்கள் ஆற்றில் நிற்பதற்கு முன்னால் காகிதத்தில் நிற்கத் தொடங்கியது இப்படித்தான்.

இந்தக் கணக்கு சென்னைக்கு வந்த இடம் கிண்டி. 1794இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த பொறியியல் கல்லூரி. இங்கே ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். அங்கே சிவில் படித்த முதல் பெண்களில் ஒருவர் பி.கே. த்ரேசியா. பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். த்ரேசியா பிற்பாடு 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவர் காலத்தில் கேரளத்தில் ஏகப்பட்ட பாலங்கள். இதைச் சொன்னபோது அக்கா பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "அடிச்சு எழுதுன சர்டிஃபிகேட்டா குடுத்தாங்க? புதுசா பிரிண்ட் பண்ணலையா?"

பாலத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை ரெஸ்லர் சொன்னபடி அட்டையைச் சோதித்தோம். ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை வெட்டி, மேல்முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழ்முனையில் துணிப்பையை மாட்டி, அரை கிலோ அரை கிலோவாக அரிசி போட்டோம். ஐந்து கிலோ வந்தும் கிழியவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அதே பட்டையை மேசைமேல் நிமிர்த்திப் பிடித்து, தலையில் ஒரு ரப்பரை வைத்தாள். உடனே வளைந்து விழுந்துவிட்டது.

"சித்தி, அதே அட்டைதானே? ஏன் இப்படிப் பண்ணுது?"

இழுக்கும்போது அட்டை தன் முழு பலத்தையும் காட்டுகிறது. அமுக்கும்போது பலம் தீர்வதற்கு வெகு முன்னாலேயே பக்கவாட்டில் நழுவி வளைந்துவிடுகிறது. லியோனார்ட் ஆய்லர் 1744லேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். மெல்லிய தூண் ஒன்றின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அது தாங்கும் பாரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். அந்தப் பட்டையையே பென்சிலில் சுற்றிக் குழாயாக்கினால் கதை மாறுகிறது. அதே காகிதம்தான், நடுவிலிருந்து தள்ளி நிற்கிறது, அதனால் வளைய மறுக்கிறது. மூங்கில் ஏன் உள்ளே காலியாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் விடை.

இப்போது ஹவ்வையும் பிராட்டையும் திரும்பப் பாருங்கள். சாய்ந்த உறுப்பு எப்போதும் நெட்டு உறுப்பைவிட நீளம். நீளமானதை அமுக்கினால் ஆய்லர் தண்டிப்பார். அப்பாவும் பிள்ளையும் செய்தது நீளமானதை இழுக்கவிட்டு, குட்டையானதை அமுக்கவிட்டது. இரும்பு மலிவாக மலிவாக அவர்கள் வடிவம் பரவியது. "அப்போ நம்மளும் பிராட்" என்று முடிவு செய்தாள். மேல் சட்டமும் நெட்டு உறுப்புகளும் குழாய், கீழ்ச் சட்டமும் சாய்வுகளும் வெறும் பட்டை.

ஞாயிறு காலை ஃபெவிகால் காய்ந்திருந்தது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம், நடுவில் துணிப்பை, அதில் அரிசி. ஒன்று, இரண்டு, மூன்று கிலோ. கீழே தொய்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு கிலோவில் மேல் சட்டம் பக்கவாட்டில், தூங்கி விழுபவரின் தலையைப் போல், மெதுவாகச் சாய்ந்து மடங்கிவிட்டது. கீழ்நோக்கி ஒன்றும் ஆகவில்லை. பாலத்தின் இரண்டு பக்கச் சட்டகங்களையும் மேலே இணைக்க எதுவும் இல்லை, அதுதான் காரணம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடங்கிய இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கனடாவின் கியூபெக் பாலத்தில் நடந்தது இதுதான், அரிசிக்குப் பதில் ஆட்கள். செயின்ட் லாரன்ஸ் நதியின்மேல் அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான பாலக்கண் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலோசனைப் பொறியாளர் தியடோர் கூப்பர், அமெரிக்காவில் பெரிய பெயர். நடுக்கண்ணின் நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டினார். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்தக் கணக்கை உரிய நேரத்தில் யாரும் திரும்பப் போடவில்லை. கூப்பர் வயதானவர், நியூயார்க்கை விட்டு நகராமல் காகிதத்திலேயே மேற்பார்வை பார்த்தார். 1907 ஆகஸ்டில், அமுக்கப்படும் கீழ்ச் சட்டத்தின் துண்டு ஒன்று முக்கால் அங்குலம் வளைந்திருந்தது, சில நாளில் இரண்டு அங்குலமானது. தளத்திலிருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்து, எழுதி, கடைசியில் ரயிலேறி நியூயார்க்குக்கே போய் நேரில் சொன்னார். ஆகஸ்ட் 29 அன்று கூப்பர் தந்தி கொடுத்தார், மேற்கொண்டு பாரம் ஏற்றாதே என்று. தந்தி போனது பாலம் கட்டும் இடத்துக்கு அல்ல, பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனிக்கு. அன்று மாலை ஐந்தரை மணி வாக்கில் அந்தச் சட்டம் மடங்கி, பாலம் ஆற்றில் இறங்கியது. 75 பேர் செத்தார்கள். பலர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளர்கள்.

எனக்கு இதில் கூப்பரைவிட மெக்லூர்தான் உறுத்துகிறார். பாலம் பல நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் கண்ணால் பார்க்கவில்லை.

இரண்டாவது பாலத்துக்கு மேலே குறுக்குப் பட்டைகள் வைத்தாள். இந்தத் தடவை மூட்டுகள்தான் சந்தேகமாக இருந்தன. பட்டையின் ஓரத்தைக் குழாயில் சும்மா ஒட்டினால் பிய்ந்து வருகிறது. தெருமுனை வெல்டிங் பட்டறையில் அவளே போய் விசாரித்தாள். அந்த அண்ணன் ஒரு ஆங்கிளை எடுத்துக் காட்டி, "ரெண்டு ஆங்கிளை நேரா ஒட்ட வைக்கக் கூடாதுமா. நடுவுல ஒரு பிளேட்டு குடுக்கணும். கஸட்டு. எல்லாம் அதுல வந்து உக்காரும்" என்றார். அவள் அட்டையில் பதினெட்டு கஸட் வெட்டினாள்.

மினியாபோலிஸில் மிசிசிப்பி நதியின்மேல் 1967இல் திறந்த ஒரு ட்ரஸ் பாலம், 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை நெரிசல் நேரத்தில் வண்டிகளோடு விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். துருவாக இருக்கும், பழசாகிவிட்டது என்றெல்லாம் முதலில் பேசினார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு. உறுப்புகள் சரி, கணக்கும் சரி. முக்கியமான சில மூட்டுகளில் கஸட் தகடு இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான், அரை அங்குலம். வடிவமைத்த அன்றே நுழைந்த பிழை. அந்தத் தகடுகளுக்குக் கணக்குப் போட்ட தாள் பழைய ஆவணங்களில் கிடைக்கவே இல்லை. நாற்பது வருஷம் பாலத்தின்மேல் கான்கிரீட்டைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அன்றைக்குப் பழுதுபார்க்கும் வேலைக்காக மணலும் ஜல்லியும் இயந்திரங்களும் வேறு நின்றன. மூட்டு விட்டுக்கொடுத்தது.

எங்கள் வீட்டில் மூன்றாவது ஆபத்து சீலிங் ஃபேன். ஐந்தில் வைத்ததும் பாலம் நாற்காலியிலிருந்து புரண்டு விழுந்தது. ஸ்காட்லாந்தின் டே பாலம் 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ரயிலோடு விழுந்து சுமார் 75 பேர் இறந்தார்கள். அதைக் கட்டிய தாமஸ் பௌச் காற்றுக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கிவைக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. இதற்குமேல் ஃபேனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அணைத்துவிட்டோம்.

இரண்டாவது பாலம் ஐந்து கிலோ தாங்கியது. ஐந்தரை போடலாமா என்றாள். நாளைக்குப் பள்ளியில் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

பள்ளியில் எடையே வைக்கவில்லை. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம், மேசையில் வரிசையாக வைத்துக் காட்டணும், உடைஞ்சிடும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். மதிப்பெண் பட்டியலில் அலங்காரத்துக்கு ஐந்து. கூட்டத்துக்குப் போன அக்கா படம் அனுப்பினாள். முப்பது பாலங்களில் நான்கில் அதே நீல ஆறு, அதே இரண்டு பிளாஸ்டிக் மரம். அந்த டீச்சரை நான் திட்டவில்லை. நாற்பது பிள்ளைகளின் பாலத்தை ஒரு பீரியடில் உடைத்துக் காட்டுவது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் அக்கா பெண் போனில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்போ எது தாங்கும்னு யாருக்குமே தெரியாதுல்ல சித்தி?"

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் தரமணி. அந்தப் பக்கத்தில்தான் சிஎஸ்ஐஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, எஸ்இஆர்சி என்பார்கள். 1965இல் ரூர்க்கியில் ஆரம்பித்து இங்கே வந்தது. அவர்களிடம் மின்கோபுரங்களைச் சோதிக்க ஒரு தளம் உண்டு. மின்கோபுரம் என்பது நிமிர்த்தி வைத்த ட்ரஸ்தான். வயல்வெளியில் நிற்கப் போகும் கோபுரத்தின் முதல் பிரதியை முழு அளவில் அங்கே எழுப்பி, காற்றும் மின்கம்பியும் இழுப்பது போல வடங்களால் இழுக்கிறார்கள். சில கோபுரங்களை முறியும்வரை இழுப்பதும் உண்டு. கணக்கில் சரியாக வந்தவைகூட மடங்கியிருக்கின்றன, பெரும்பாலும் அமுக்கப்படும் ஏதோ ஒரு ஆங்கிள். ஒரே ஒரு கோபுரத்தை உடைப்பது, அதே வடிவில் நூற்றுக்கணக்கில் நிறுத்துவதற்கு முன்னால் செய்யும் வேலை. மேசைமேல் வைத்த முப்பது பாலங்களில் ஒன்றையாவது உடைத்திருக்கலாம்.

ஆனாலும் இந்த மாதிரிப் பாலங்கள் எல்லாவற்றிலும், ரெஸ்லருடையதையும் சேர்த்து, ஒரு பொய் இருக்கிறது. மேசை நகர்வதில்லை.

நம் ஊரில் பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை. 1956 நவம்பர் 23 விடிகாலையில் அரியலூருக்குப் பக்கத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துத் தின்றிருந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் 1920களின் கடைசியில் கட்டியது. 2016இல் புதுப் பாலம் வந்ததும் அதில் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன. வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ட்ரஸ்ஸின் முக்கோணங்கள் முக்கோணங்களாகவே இருந்தன, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தன. ஆற்றுமணல்தான் காலை வாரியது. ஆற்றைக் காகிதத்தில் செய்ய முடியாது. அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலம் ட்ரஸ் இல்லை, கான்கிரீட். 1967இல் மீனவர்கள் கடப்பதற்காகக் கட்டி, பத்தே வருஷத்தில் ஆறு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அங்கே போட்டோ எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

பாம்பன் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் பாம்பனைக் கடந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. இரண்டு கிலோமீட்டர் நீளம், நூற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட கண்கள். அதில் ஒரே ஒரு இடம்தான் ட்ரஸ். கப்பல் போக நடுவில் இரண்டு கையாகத் திறக்கும் பகுதி, சிகாகோக்காரர் வில்லியம் ஷெர்சரின் வடிவம். இங்கிலாந்தில் ஹெட் ரைட்சன் பட்டறையில் செய்த பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. ட்ரஸ்ஸின் பெரிய சௌகரியமே அதுதான்: துண்டு துண்டாகச் செய்து, எண் போட்டு, எந்தக் கண்டத்துக்கும் அனுப்பலாம். காலனி ரயில்வேக்களுக்கு அது ஏன் பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திறப்பதற்கு மோட்டார் கிடையாது. ஆட்கள் நின்று கையால் நெம்புகோலைச் சுற்றுவார்கள், எதிரெடை இருப்பதால் பாலத்தின் கை எழும்.

1964 டிசம்பர் 22 இரவு புயல். தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் எடுத்துக்கொண்டது, தனுஷ்கோடி ஊரையும். பாம்பனில் 120க்கும் மேற்பட்ட கர்டர்கள் போய்விட்டன. அவை பாரம் தாங்காமல் முறியவில்லை. தூணின்மேல் உட்கார்ந்திருந்தவற்றை அலை கீழிருந்து வந்து தூக்கிப்போட்டது. பாலம் கட்டுகிறவர் போடும் கணக்கெல்லாம் மேலிருந்து கீழே போகும் பாரத்துக்கு. ஷெர்சர் மட்டும் நின்றது.

சரிசெய்ய ஆறு மாதம் என்றது ரயில்வே, பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பு 32 வயது இ. ஸ்ரீதரனுக்கு வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். புதுக் கர்டர்கள் செய்து எடுத்துவர மாதக்கணக்காகும். அப்போது கடலடியில் கர்டர்கள் கிடக்கின்றன என்று மீனவர்கள் வந்து தகவல் சொன்னார்கள். அவற்றைத் தேடித் தூக்கி, சரிபார்த்து, பழைய தூண்களிலேயே ஏற்றினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. ஸ்ரீதரனுக்கு ஆயிரம் ரூபாய் பரிசு கிடைத்தது. கடலைத் தெரிந்த அந்த மீனவர்களின் பெயர் எதையும் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை.

புயலில் நின்ற ஷெர்சரைக் கடைசியில் உப்புக்காற்று முடித்தது. துரு, மறுபடி பெயிண்ட், மறுபடி துரு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது. பக்கத்திலேயே புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறப்பு. 2.08 கிலோமீட்டர், பழையதைவிட மூன்று மீட்டர் உயரம். நடுவே 72.5 மீட்டர் ட்ரஸ், இரண்டாகப் பிளக்காமல் லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. சுற்றுவதற்கு ஆட்கள் வேண்டாம், மோட்டார். வடிவமைப்புக் கணக்கை மறுபடி சரிபார்த்துக் கொடுத்தவர்களில் அடையாறு ஐஐடியும் உண்டு. கூப்பர் காலத்தில் இல்லாத வழக்கம் இது, ஒருவர் கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது. ரிவெட் தலைகளுக்கு அடியில்தான் உப்பு புகும் என்பதால் மூட்டுகளை வெல்டிங் செய்து, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். பராமரிப்பு இல்லாமலே 35 ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று சொல்கிறார்கள். அது காகிதத்தில் இருக்கும் எண். வடகிழக்குக் காற்று ஆரம்பிக்கும் மாதங்களில் பாம்பனில் நின்றுபார்த்தால், உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். யாராவது ஒருத்தர் மாசாமாசம் அதில் ஏறி, ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.